எதிர்நீச்சலை முதலிலிருந்து பார்க்க வேண்டுமா?

நண்பரே, அம்மாவுக்குத் துணையாக உட்கார்ந்து சன் டிவியின் எதிர்நீச்சல் தொடரின் இரண்டாம் பாகத்தில் மாட்டிக்கொண்டீர்கள், முதல் பாகத்தின் 700-க்கும் மேற்பட்ட எபிசோடுகளை நினைத்தால் தலை சுற்றுகிறது, வீட்டம்மா வேறு கிண்டல் செய்கிறார் என்கிறீர்கள். முழுவதும் பார்க்கத் தேவையில்லை.

2022 பிப்ரவரியில் தொடங்கிய முதல் சில வாரங்களைப் பாருங்கள். படித்த ஜனனி ஆதி குணசேகரன் அதிகாரம் செய்யும் வீட்டுக்கு மருமகளாக வருவதும், அங்கே ஏற்கெனவே மருமகள்களாக இருக்கும் ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி மூவரும் ஏன் அடுப்படியிலேயே முடங்கிக் கிடக்கிறார்கள் என்பதும் அங்கேதான் இருக்கிறது. சண்டைக் காட்சிகளைவிட அந்த அடுப்படிப் பேச்சுதான் தொடரின் உயிர் என்பேன். நந்தினியின் நக்கலுக்காகவே பார்ப்பவர்கள் உண்டு.

அப்புறம் அப்பத்தாவின் நாற்பது சதவீதச் சொத்து விவகாரம். அதை மட்டும் தாண்டாதீர்கள், ஆதி குணசேகரனின் பதற்றத்துக்கெல்லாம் மூலம் அதுதான். குணசேகரனாக நடித்த மாரிமுத்துவின் அந்த "இந்தாம்மா ஏய்" வருகிற காலமும் அதுவே. அவர் 2023 செப்டம்பரில் காலமான பிறகு வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தார். ஆள் மாறியதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். 2024 ஜூனில் வந்த கடைசி வாரத்தையும் பார்த்துவிட்டால் போதும். இடையில் ஒரே முகத்தை மூன்று தடவை காட்டி இசை போடும் இடங்களை ஓட்டிவிடலாம், ஒன்றும் குறையாது.

கிண்டலா? இயக்குநர் திருச்செல்வம்தான் கோலங்கள் தொடரையும் எடுத்தவர் என்று சொல்லிப் பாருங்கள். வீட்டம்மா அந்தக் காலத்தில் அதன் நாயகி அபிக்காக அழுதவராக இருந்தால், சரி, நாளைக்கு அவரும் சோபாவில் இருப்பார்.