ஹெடர் வாங்கப் போறீங்களா? கேள்வி பதில்

இன்ஜின் ஹெட்டிலிருந்து புகை வெளியேறும் இடத்தில் கம்பெனி வைத்துக் கொடுக்கும் மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, தனித்தனிக் குழாய்களாக வளைத்துச் செய்த ஹெடரைப் போடுவது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அம்பத்தூரில் சைலன்சர் வேலையிலேயே காலம் போகிறவன் என்பதால் கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பின்னால் இருக்கும் டப்பாவை மட்டும் மாற்றினால் சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அது வேறு கதை.

அண்ணா நகரிலிருந்து: அண்ணா, என்னிடம் 2001 ஹோண்டா சிட்டி 1.5 விடெக் இருக்கிறது. 4-1 ஹெடர் (நாலு குழாயும் ஒரே இடத்தில் சேர்வது) போட்டால் பவர், 4-2-1 (முதலில் ஜோடி ஜோடியாகச் சேர்ந்து, பிறகு ஒன்றாவது) போட்டால் பிக்கப் என்கிறார்கள். எதைப் போடலாம்?

தம்பி, வண்டி எந்த ஆர்பிஎம்மில் அதிக நேரம் ஓடுகிறது என்று ஒரு வாரம் டாக்கோமீட்டரைப் பார்த்துவிட்டு வாங்க. திருமங்கலத்திலிருந்து கத்திப்பாரா வரை 100 அடி ரோட்டில் 2,000-க்கும் 4,000-க்கும் நடுவில்தான் முள் ஆடும். அந்த வண்டிக்கு 4-2-1தான்.

காரணம் இது. எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது புகை ஒரே தள்ளாகக் குழாய்க்குள் பாய்கிறது. அந்த அழுத்த அலை குழாய்கள் சேரும் இடத்தை எட்டியதும், குறைந்த அழுத்த அலையாகத் திரும்பி வால்வை நோக்கி வரும். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வும் கொஞ்ச நேரம் சேர்ந்தே திறந்திருக்கும் அல்லவா? சரியாக அந்த நேரத்தில் இந்த அலை வந்து சேர்ந்தால், சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை உறிஞ்சி இழுத்து, புதுக் காற்றையும் உள்ளே வரவைக்கும். குழாய் நீளமாக இருந்தால் இந்த நேரக் கணக்கு குறைந்த ஆர்பிஎம்மில் பொருந்தும், குட்டையாக இருந்தால் அதிக ஆர்பிஎம்மில். 4-1-இல் நாலும் ஒரே இடத்தில் சேர்வதால் பலன் மேலே ஒரு குறுகிய இடத்தில் பலமாகக் கிடைக்கும். 4-2-1-இல் இரண்டு இடத்தில் சேர்வதால் அவ்வளவு பலமில்லை, ஆனால் நடு ஆர்பிஎம்மில் பரவலாகக் கிடைக்கும்.

வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்க. உங்கள் இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை, 1-3-4-2. ஆகவே 4-2-1 ஹெடரில் ஒன்றும் நாலும் ஒரு ஜோடி, இரண்டும் மூன்றும் இன்னொரு ஜோடி. அப்போதுதான் ஒவ்வொரு ஜோடியிலும் தள்ளுகள் சம இடைவெளியில் வரும். சில மலிவான ஹெடர்களில் வளைக்கச் சுலபம் என்று பக்கத்துப் பக்கத்துக் குழாய்களையே சேர்த்திருப்பார்கள். ஒன்றும் இரண்டும் அடுத்தடுத்து வெடிக்கிற சிலிண்டர்கள், அவற்றின் புகை ஒன்றை ஒன்று முட்டிக்கொள்ளும். விரலை வைத்துக் குழாயைத் தொடர்ந்து போனால் கடையிலேயே தெரிந்துவிடும். பார்க்க 4-2-1, வேலைக்கு ஒன்றுமில்லை.

இன்னொன்று, உங்கள் வண்டியில் எக்ஸாஸ்ட் முன்பக்கம், ரேடியேட்டரைப் பார்த்தபடி இருக்கிறது. ஃபேனுக்கும் ஹெடருக்கும் நடுவே எவ்வளவு இடம் மிஞ்சும் என்று அளந்துவிட்டுப் பணம் கொடுங்க. இன்ஜின் மவுண்ட் தளர்ந்திருந்தால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் ஆடும், குழாய் போய் ஃபேனில் இடிக்கும். 106 குதிரைத்திறனில் ஐந்தாறு கூடினாலே அது நல்ல ஹெடர். இருபது கூடும் என்று சொல்பவரிடம் டைனோ (பவரை அளக்கும் மெஷின்) ரிப்போர்ட்டைக் கேளுங்க.

போரூரிலிருந்து: ப்ரோ, வர்டுஸ் 1.0 டிஎஸ்ஐ. எந்த ஹெடர் நல்லது?

எதுவும் இல்லை. உங்கள் இஏ211 இன்ஜினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கிறது, டர்போ நேராக ஹெட்டில் உட்காருகிறது. கழற்ற மேனிஃபோல்டே கிடையாது. டர்போவுக்கு அப்புறம் வரும் டவுன்பைப்பைத்தான் சிலர் ஹெடர் என்று விற்கிறார்கள். புது ஆக்டேவியா விஆர்எஸ்காரர்கள் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள், உங்களுக்கும் இதே பதில்தான்.

திருவான்மியூரிலிருந்து: வீடு கடற்கரைக்குப் பக்கம். ஸ்டெயின்லெஸ் போட்டால் துருப்பிடிக்காதா? வெப்பத்துக்கு ராப் துணி சுற்றலாமா?

சார், உங்கள் தெருவிலேயே சுற்றிப் பாருங்கள். பளபளவென்று போட்ட கேட்டிலும் பால்கனிக் கைப்பிடியிலும் பழுப்புப் புள்ளி புள்ளியாக இருக்கும். அவை பெரும்பாலும் 202 கிரேடு. நிக்கல் குறைவு, விலையும் குறைவு. ஹெடருக்கு 304 வேண்டும். சிக்கல் என்னவென்றால், 202-யிலும் காந்தம் ஒட்டாது, 304-இலும் ஒட்டாது. அதனால் கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி "பாருங்க சார், அசல் 304" என்றால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உலோகக் கடைகளில் ஒரு சொட்டு மருந்து வைத்திருப்பார்கள், விட்டால் நிறம் மாறுவதை வைத்து 202-ஐயும் 304-ஐயும் பிரித்துவிடலாம். குழாயின் ஓரத்தில் ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். மறுத்தால் நடையைக் கட்டுங்கள். காந்தம் நன்றாக ஒட்டினால் அது 409-ஆக இருக்கலாம். கார் கம்பெனிகளே எக்ஸாஸ்டுக்குப் பயன்படுத்தும் கிரேடு அது, மோசமில்லை. ஆனால் வெளிப்புறம் பழுப்பேறும்.

304-க்கு ஒரு குணம் உண்டு. சூட்டில் சாதா இரும்பைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு விரியும். நீளக் குழாய் வைத்து இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டினால் வெல்டிங்கில்தான் விரிசல் விழும். கம்பெனி மேனிஃபோல்டை இன்ஜின் பிளாக்கோடு பிடித்து நிறுத்த ஒரு தாங்கு பட்டை இருக்கும். வெளியில் வாங்கும் ஹெடரில் அதற்கான துளையே இல்லாமல் விட்டிருப்பார்கள். விரிசல் என்று என்னிடம் வரும் ஹெடர்களில் நான் முதலில் தேடுவது அந்தப் பட்டையைத்தான்.

ராப் வேண்டாம். கடற்காற்று, மழை, ஏசி தண்ணீர் எல்லாம் அந்தத் துணிக்குள் தங்கிவிடும். சாதா இரும்பு என்றால் உள்ளே அரித்துக்கொண்டிருப்பது வெளியே தெரியாது. வெப்பத்தைக் குறைக்க வேண்டுமென்றால் செராமிக் கோட்டிங் கொடுங்கள், அல்லது கம்பெனி ஹீட் ஷீல்டையே வெட்டிப் பொருத்துங்கள்.

வெல்டிங்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளியே மீன் செதில் மாதிரி அழகாக இருக்கிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். செல்போன் டார்ச்சை அடித்து உள்ளே பாருங்கள். ஆர்கான் வெல்டிங் செய்யும்போது குழாயின் உட்புறமும் ஆர்கான் நிரப்பியிருந்தால் உள்ளே வழவழப்பாக இருக்கும். நிரப்பவில்லையென்றால் கருகிய சர்க்கரை போலப் பொரிந்து நிற்கும். விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும்.

சென்னைக்காரர், இப்போது ஷார்ஜாவில்: டொயோட்டா 86 வாங்கியிருக்கிறேன். சம நீளக் குழாயா, சமமில்லாததா?

கொடுத்துவைத்தவர் நீங்கள். அந்த வண்டி இங்கே வந்திருந்தால் என் பாதி வாடிக்கையாளர்கள் கடனாளி ஆகியிருப்பார்கள். 2.0 லிட்டர் பாக்ஸர் இன்ஜினில் சுமார் 3,500-இலிருந்து 4,500 ஆர்பிஎம் வரை டார்க் (இழுவை விசை) ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும், ஓட்டும்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கும். நல்ல சம நீள ஹெடரும் அதற்கேற்ற ட்யூனிங்கும் சேர்ந்தால் பள்ளம் பெரும்பாலும் நிரம்பிவிடும். சமமில்லாத நீளம் வைத்தால் தள்ளுகள் முன்பின்னாக வந்து, பழைய சுபாருவின் அந்த உறுமல் கிடைக்கும், பள்ளம் அவ்வளவாக நிரம்பாது. சத்தம் வேண்டுமா, டார்க் வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். நான் என்றால் சம நீளம்தான். கம்பெனி மேனிஃபோல்டிலேயே புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் (சுருக்கமாகக் கேட்) சேர்ந்திருக்கிறது, அதனால் கேட் உள்ள ஹெடராகப் பார்த்து வாங்குங்கள். குழாய்கள் இன்ஜினுக்கு அடியில் ஓடுவதால் வேகத்தடையில் கவனம்.

நீலாங்கரையிலிருந்து: மஸ்டாங் ஜிடி. அமெரிக்காவிலிருந்து லாங் ட்யூப் ஹெடர் வரவழைக்கலாமா?

வலப்புற ஸ்டீயரிங் வண்டிக்கானது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு வரவழையுங்கள். அங்கே விற்பது பெரும்பாலும் இடப்புற ஸ்டீயரிங்குக்கு அளந்தது. நம் வண்டியில் ஸ்டீயரிங் ஷாஃப்ட் வலப்பக்கக் குழாய்கள் போக வேண்டிய இடத்திலேயே இறங்குகிறது. சுங்க வரியெல்லாம் கட்டிவிட்டுக் குழாயைச் சுத்தியால் தட்டிக் குழி விழவைப்பது பார்க்கவே வயிற்றெரிச்சல். அதோடு உங்கள் கேட் இன்ஜினை ஒட்டியே இருப்பதால், நீளக் குழாய் போட்டால் அது போய்விடும். அதற்கான பதில் இரண்டு கேள்வி தள்ளி இருக்கிறது.

மடிப்பாக்கத்திலிருந்து: போன மாதம் ஹெடர் போட்டோம். காலையில் ஸ்டார்ட் செய்தால் டிக் டிக் என்று சத்தம், ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறது. மைலேஜ் குறைந்துவிட்டது, செக் இன்ஜின் லைட்டும் எரிகிறது. ஓ2 சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

மேடம், பர்ஸை மூடி வையுங்கள். சென்சார் அநேகமாக நன்றாகத்தான் இருக்கும். ஹெட்டும் ஹெடரும் சேரும் இடத்தில் லீக். குளிர்ந்திருக்கும்போது இடுக்கு வழியாகப் புகை துடித்துத் துடித்து வெளியேறுகிறது, அதுதான் டிக் டிக். சூடாகி உலோகம் விரிந்ததும் இடுக்கு அடைபடுகிறது, சத்தம் நிற்கிறது.

மைலேஜுக்கும் இதுவே காரணம். ஒவ்வொரு தள்ளுக்கும் பின்னால் குழாயில் அழுத்தம் குறையும்போது அதே இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது. சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்து "பெட்ரோல் போதவில்லை" என்று சொல்ல, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியு கூடுதலாக ஊற்றுகிறது. நூறு சென்சார் மாற்றினாலும் அப்படித்தான் சொல்லும்.

காலையில் வண்டி ஜில்லென்று இருக்கும்போது ஹெடரை ஹெட்டோடு சேர்க்கும் தட்டையான ஃபிளேஞ்சைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தெளித்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். கொப்புளம் வரும் இடம்தான் லீக், பக்கத்திலேயே கரிக்கோடும் தெரியும். அப்புறம் ஹெடரைக் கழற்றி, ஃபிளேஞ்சின் மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வைத்து மறுபக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஃபிளேஞ்சு 10 மி.மீ. கனமாவது இருக்க வேண்டும். மெல்லியதாக இருந்தால் வெல்டிங் சூட்டிலேயே வளைந்துவிடும். வளைந்ததை லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தலாம். கேஸ்கெட் புதிதாக, அடுக்கு உலோகத்தில் செய்ததாக இருக்கட்டும். நட்டை நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறி, டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். ஓரிரு நாள் ஓட்டிவிட்டு, முழுக்க ஆறிய பிறகு இன்னொரு முறை பார்க்க வேண்டும். உங்கள் வண்டியில் இந்தக் கடைசி வேலையைத்தான் விட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கழற்றும்போது சென்சாரைத் திருகும் வளையம் (பாஸ்) எங்கே வெல்டு செய்திருக்கிறது என்றும் பாருங்கள். நாலு குழாயும் சேர்ந்த பிறகு, கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்ந்து இருக்க வேண்டும். அடியில் இருந்தால் குழாயில் தேங்கும் நீர் பட்டுச் சென்சார் உண்மையாகவே செத்துவிடும்.

வேளச்சேரியிலிருந்து: போலீஸ் பிடிப்பார்களா? பியுசி கிடைக்குமா?

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவுப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம், புகை அளவு மீறினால் 190-ஆம் பிரிவு, முதல் முறை ரூ.10,000 வரை போகும், லைசென்ஸும் மூன்று மாதம் போகும். பியுசி கிடைத்துவிட்டால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. பிஎஸ்4 முதலான பெட்ரோல் வண்டிக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கேட்டை எடுத்த வண்டி அதைத் தாண்டுவது கஷ்டம். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரரும் இதைப் பிடித்துக்கொள்வார்.

ரோட்டில் ஓடும் வண்டிக்குக் கேட்டை எடுத்துவிட்டு நான் வேலை செய்து தருவதில்லை. ட்ராக்கில் மட்டும் ஓடும் வண்டி என்றால் லாரியில் ஏற்றிக் கொண்டு போங்கள். பதினைந்து வருடம் தாண்டிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆர்சி புதுப்பிக்க ஆர்டிஓ பரிசோதனை இருக்கிறது, கழற்றிய மேனிஃபோல்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

பூந்தமல்லியிலிருந்து: பழைய எஸ்டீம், இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்கு மட்டும். 4-1 தானே?

ஆமாம். அந்த 3.7 கி.மீ. சுற்றில் முள் எப்போதும் மேலேயேதான் இருக்கும், அங்கே 4-1-க்கு அர்த்தம் உண்டு. ஆனால் "ரேஸ் வண்டி" என்று குண்டுக் குழாய் போட்டுவிடாதீர்கள். 1.3 லிட்டர் இன்ஜினுக்குக் குழாய் விட்டம் கூடிவிட்டால் புகையின் வேகம் செத்து, மெதுவான திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது வண்டி இழுக்காது. ஒன்றரை அங்குலம் போதும். போட்டியில் இறங்குவதென்றால் உங்கள் வகுப்பின் விதிமுறையில் ஹெடர் மாற்ற அனுமதி இருக்கிறதா என்று படித்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

பெரம்பூரிலிருந்து: புதுப்பேட்டையில் பழைய ஹெடர் மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

ஸ்கேல், டார்ச், உங்கள் வண்டியின் பழைய கேஸ்கெட், மூன்றும் கையில் இருந்தால் எடுக்கலாம். கேஸ்கெட்டை ஃபிளேஞ்சின் மேல் வைத்துத் துளைகள் பொருந்துகிறதா என்று பாருங்க. புதிதாகச் சில்வர் பெயின்ட் அடித்திருந்தால் வெல்டிங் ஓரங்களைச் சுரண்டிப் பாருங்க, விரிசலை மறைக்கத்தான் அநேகமாக அடித்திருப்பார்கள். மிச்சமாகும் காசில் ஹெடரை ஹெட்டோடு பிடிக்கும் புது ஸ்டட், நட்டு வாங்கிக்கோங்க. பழைய ஸ்டட் கழற்றும்போது ஹெட்டுக்குள் முறிந்தால், ஹெடர் விலையைவிட அதை எடுக்கும் கூலி கூடிவிடும். முந்தின நாள் ராத்திரியே துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்க.