ஃபோ கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறது?

சென்ற இதழில் வியட்நாம் பயணம் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஊர் சுற்றிப் பார்ப்பது பற்றிக் கேட்டவர்கள் இரண்டே பேர். மற்ற எல்லோருக்கும் ஒரே கவலை, சாப்பாடு. நியாயமான கவலைதான். இந்த முறை அதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் சுத்த சைவம். காய்கறி போட்ட ஃபோ எல்லாக் கடையிலும் கிடைக்கும் என்கிறார்களே, நம்பிச் சாப்பிடலாமா?
*- வாசகி, கும்பகோணம்*

சாதாரணக் கடையில் வேண்டாம் அம்மா. ஃபோ என்பது அரிசி நூடுல்ஸ் போட்ட சூப். மேலே கீரையும் முளைப்பயறும் மிதக்கும். ஆனால் அந்தத் தெளிந்த சாறு மாட்டெலும்பையோ கோழியையோ மணிக்கணக்கில் கொதிக்கவைத்து இறக்கியது. "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் துண்டுகளை எடுத்துவிட்டு அதே சாற்றைத்தான் ஊற்றித் தருவார்கள். அவர்கள் உங்களை ஏமாற்றவில்லை. நீங்கள் கேட்டதைத்தான் செய்கிறார்கள்.

பூண்டு போட்டு வதக்கிய வள்ளைக்கீரை எல்லா ஊரிலும் கிடைக்கும். அதிலும் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். நெத்திலியை உப்போடு சேர்த்துத் தொட்டியில் மாதக்கணக்கில் ஊறவைத்து வடிக்கிற சாறு அது. நுவொக் மாம் என்பார்கள். நம் சமையலறையில் உப்பும் புளியும் எப்படியோ, அங்கே இது அப்படி.

சரி, என்னதான் சாப்பிடுவது? ஒரே ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு போங்கள்: ச்சை. நாம் சலித்துக்கொள்ளும்போது சொல்வோமே, கிட்டத்தட்ட அதேதான். ஆனால் குரலை ஏற்றாமல் இறக்காமல் சமமாகச் சொல்ல வேண்டும். அங்கே ராகம் மாறினால் பொருளே மாறிவிடும். குரலை ஏற்றிச் சொன்னால் 'தீய்ந்துபோனது' என்று ஆகிவிடும். ச்சை என்றால் பௌத்த முறைச் சைவ உணவு. அவர்கள் எழுதுவது ரோமன் எழுத்தில் என்பதால் பலகையைப் படிப்பதும் சுலபம். சி, எச், ஏ, ஒய் என்ற நான்கு எழுத்தைப் பார்த்தால் தைரியமாக உள்ளே போகலாம். மீன் சாறு கிடையாது, பல கடைகளில் முட்டையும் கிடையாது. தட்டில் கறித்துண்டு போலவே ஏதாவது வந்தால் பதறாதீர்கள். சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்தது அது.

சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது அமாவாசை பௌர்ணமியை ஒட்டி, பலர் அங்கே சைவம் சாப்பிடுகிறார்கள். அம்மாவை ஹூவே நகருக்கு அழைத்துப் போயிருந்தபோது தற்செயலாகப் பௌர்ணமி அமைந்துவிட்டது. ஹூவே பழைய தலைநகரம், புத்தர் கோயில்கள் நிறைந்த ஊர். நாங்கள் போன சைவக் கடையில் உட்கார இடமில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் பத்துப் பன்னிரண்டு பாத்திரம். விரலைக் காட்டினால் சோற்றின் மேல் வைத்துத் தருவார்கள். அம்மா ஒரு பாத்திரத்தைப் பார்த்ததும் "இது பலாமூசுடி" என்றாள். பிஞ்சுப் பலாவை வேகவைத்து, நார் நாராகப் பிய்த்து, வறுத்த வேர்க்கடலையும் எள்ளும் தூவியிருந்தார்கள். பக்கத்தில் எள் ஒட்டிய ஓர் அரிசி அப்பளம். அதை உடைத்துக் கரண்டி மாதிரி அள்ளிச் சாப்பிட வேண்டும். அம்மா முதல் வாயை மென்றுவிட்டு, தேங்காய் போடாமலே நன்றாக இருக்கிறது என்றாள். மூன்று நாளாகப் பிஸ்கட்டும் வாழைப்பழமுமாகக் காலம் தள்ளியவள் அன்று இரண்டாம் முறை சோறு வாங்கினாள். அந்தச் சொல்லை முதல் நாளே தெரிந்துவைத்திருந்தால் அவளை அப்படிப் பட்டினி போட்டிருக்க மாட்டேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பரிமாறுபவரை எப்படிக் கூப்பிடுவது? கை தட்டினால் தப்பா?
*- வாசகர், திருநெல்வேலி*

கை தட்டாதீர்கள். அங்கேயும் நம்மைப் போலவே முறை வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள். உங்களைவிட இளையவர் என்றால் "எம் ஓய்", மூத்த ஆண் என்றால் "ஆன் ஓய்", அத்தை வயதுப் பெண் என்றால் "கோ ஓய்". தம்பி, அண்ணே, அத்தை மாதிரிதான். நம் ஊரில் ஓய் என்றால் மரியாதைக் குறைவாகப் படும். அங்கே அது பாசத்தோடு அழைப்பது. கடைக்காரம்மாவை ஒருமுறை "கோ ஓய்" என்று கூப்பிட்டுப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். அப்புறம் சைகையிலேயே பாதி வேலை நடந்துவிடும்.

பில்லில் ஏமாற்றுவார்களா? பணத்தில் ஏகப்பட்ட சைபர் இருக்கிறதாமே?
*- வாசகர், ஓசூர்*

நம் ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங். விலைப்பட்டியலில் 45 என்று மட்டும் போட்டிருந்தால் 45,000 டாங் என்று பொருள், நம் கணக்கில் 150 ரூபாய். இது இரண்டு நாளில் பழகிவிடும்.

பழகாதது நோட்டின் நிறம். 20,000 நோட்டும் நீலம், 500,000 நோட்டும் நீலம். இரண்டிலும் ஹோ சி மின் படம். ஹோய் ஆன் என்ற ஊரில் மாலை வெளிச்சத்தில் ஒரு ரொட்டிக் கடையில் 20,000 என்று நினைத்து நான் பெரிய நோட்டை நீட்டிவிட்டேன். 65 ரூபாய்க்குப் பதிலாக 1,600 ரூபாய்க்கு மேல்! அந்தக் கடைக்காரம்மா அதைத் திருப்பி என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மடக்கி மூடிவிட்டு, பர்ஸிலிருந்து சரியான நோட்டைத் தானே எடுத்துக் காட்டினார். எல்லோரும் அப்படி இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. 500,000 நோட்டைப் பர்ஸில் தனி அறையில் வைத்துவிடுங்கள்.

கடலோர ஊர்களில் மீன், நண்டு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. விலை கிலோவுக்கா, நூறு கிராமுக்கா, தட்டுக்கா என்று எடை போடும் முன்பே கேளுங்கள். நான் கேட்காமல் விட்டு, ஒரு கடையில் நினைத்ததைவிடப் பல மடங்கு கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இப்போதெல்லாம் கைபேசியின் கால்குலேட்டரில் தொகையை அடித்துக் காட்டச் சொல்லி, அதைப் படமும் எடுத்துக்கொள்கிறேன். மேசையில் வைத்திருக்கும் ஈரத்துண்டுப் பொட்டலமும் வேர்க்கடலையும் பெரும்பாலும் இலவசம் அல்ல. பிரித்தால் காசு உண்டு. சிறிய தொகைதான், சண்டை வேண்டாம்.

தண்ணீர்?
*- வாசகி, சிவகாசி*

குழாய்த் தண்ணீர் வேண்டாம், பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். ஐஸ் போட்ட டீ எல்லா இடத்திலும் தருவார்கள். நடுவில் துளை உள்ள உருளை ஐஸ் என்றால் தொழிற்சாலையில் செய்தது. எனக்கு ஒன்றும் ஆனதில்லை.

ஏழு வயது மகன் தோசை, தயிர்சாதம் தவிர எதையும் தொட மாட்டான். கூட்டிப் போகலாமா?
*- வாசகி, மதுரை*

கூட்டிப் போங்கள். வெள்ளைச் சோறு எங்கும் கிடைக்கும், பருப்புப்பொடி ஒரு டப்பா கையில் இருக்கட்டும். அப்புறம் அவனைப் பான் ஸியோ போடும் கடை முன்னால் நிறுத்துங்கள். அரிசிமாவில் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் கலந்து சூடான சட்டியில் ஊற்றுவார்கள். 'ஸியோ' என்பது மாவு விழும்போது வரும் சத்தம், நம் 'சொய்ங்'. வழக்கமாக உள்ளே இறாலும் பன்றி இறைச்சியும் வைப்பார்கள், அதனால் சைவக் கடையிலேயே கேளுங்கள். அங்கே காளானும் முளைப்பயறும் இருக்கும். மடித்துப் போட்டால் மொறுமொறுவென்று அப்படியே நம் தோசை. கீரை இலையில் சுற்றித்தான் சாப்பிட வேண்டும் என்பார்கள். பையன் இலையை ஒதுக்கிவிட்டு வெறுமனே தின்றாலும் கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.