அலங்கார வாசல்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

பாறசாலைப் பக்கம் எங்கள் தமிழ்ச் சபையில் சண்டே ஸ்கூல் எடுக்கிறேன். போன வாரம் பைபிளில் அப்போஸ்தலர் 3, அலங்கார வாசல் சப்பாணியின் கதை. தேவாலய வாசலில் பிச்சை கேட்டவரை இயேசுவின் சீஷர் பேதுரு கைபிடித்துத் தூக்க, அவர் குதித்து எழுந்து நடப்பார். படத்தைக் காட்டியதும் பிள்ளைகள் எல்லாரும் காலில் காலிப்பர் (நடக்க உதவும் சட்டம்) போட்ட பையனைத் திரும்பிப் பார்த்தார்கள். மாடிப்படி ஏறி எப்போதும் கடைசியாக வருகிறவன் அவன். "சார், பேதுரு நம்ம கோவிலுக்கு வருவாரா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. இந்தப் பாடத்தை விட்டுவிடலாமா?

அன்புள்ள தம்பி,

விட வேண்டாம். இதை மட்டுமே சொல்லிக்கொண்டிருப்பதுதான் தப்பு. நம் பாடப் படங்களில் நடக்க முடியாதவர் வந்தால், முதலில் கிழிந்த துணி, குனிந்த தலை. அடுத்ததில் வெள்ளைத் துணி, துள்ளல். சுகமாகாத ஒருவருக்கு அதில் இடமே இல்லை.

என் அண்ணனுக்குச் சின்ன வயதில் போலியோ. சபை நாடகத்தில் இதே சப்பாணி வேஷம் அவனுக்குத்தான். "நீ நடிக்கவே வேண்டாம்" என்றார்கள். பேதுரு கையைப் பிடித்ததும் திரையை இழுப்பார்கள். அண்ணன் மேல் கிடந்த போர்வையை உருவி இன்னொரு பையனுக்குப் போர்த்துவார்கள். திரை விலகும்போது குதிப்பது அந்தப் பையன். கைதட்டல் முடியும்வரை அண்ணன் உள்ளே தரையிலேயே இருந்தான்.

யோவான் 9-ஐ எடுங்கள். இவர் பார்வையில்லாமல் பிறந்தது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இவரும் அல்ல, பெற்றவர்களும் அல்ல என்கிறார் இயேசு. எங்கள் அம்மா அந்தக் கேள்வியை ஊரில் எத்தனை பேர் வாயால் கேட்டிருப்பாள்! அதிகாரத்தில் 41 வசனம். 7-ஆம் வசனத்தில் பார்வை வந்துவிடும், நாமும் அங்கேயே முடித்துவிடுகிறோம். அதற்கப்புறம் பார்வை பெற்றவர் பரிசேயரிடம், அதாவது யூத மதத் தலைவர்களிடம், பயப்படாமல் வாதாடுவது பிள்ளைகளுக்குத் தெரிவதே இல்லை.

அப்புறம் 2 சாமுவேல் 9. தாவீது ராஜாவின் நண்பர் யோனத்தானின் மகன் மேவிபோசேத். ஐந்து வயதில் தாதி தூக்கிக்கொண்டு ஓடும்போது விழுந்து இரண்டு காலும் முடமானவர். தாவீது அவரை வரவழைத்து, பாட்டன் சவுலின் நிலத்தைத் திருப்பிக் கொடுத்து, தினமும் தன் பந்தியில் உட்கார வைக்கிறார். அதிகாரம் முடியும்போதும் கால் சரியாகவில்லை. ராஜாவின் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார். இந்தக் கதைக்குப் படம் வரையச் சொல்லுங்கள்.

பையன் மறுபடி கேட்டால், "எனக்குத் தெரியலடா" என்றே சொல்லுங்கள். "நல்லா விசுவாசிச்சா வருவார்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்போஸ்தலன் பவுல் தன்னை வாட்டிய ஒரு உபாதையை 'மாம்சத்தில் முள்' என்றார்; மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அந்த முள் எடுபடவில்லை.

வகுப்பை இந்த ஞாயிறே கீழே கொண்டுவாருங்கள். பெஞ்சு தூக்கப் பிள்ளைகளே போதும்.