டிடிஎஸ் மீட்டரால் கடல் தண்ணீரின் உப்பை அளக்க முடியுமா?

பெசன்ட் நகர் பீச்சில் பிடித்த தண்ணீரில் வீட்டு டிடிஎஸ் மீட்டரை விட்டால் எண்ணே வரவில்லை, மின்கடத்துத்திறனை வைத்து உப்பளவைச் சொல்கிறார்களே, உள்ளே எந்த உப்பு இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். தெரியாது. தண்ணீருக்குள் மின்சாரம் எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும், மிச்சமெல்லாம் நாம் போடும் கணக்கு.

எண் வராததற்குக் காரணம் சாதாரணம். சட்டைப் பையில் வைக்கும் மீட்டர்கள் பெரும்பாலும் 9,990 பிபிஎம்மோடு (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) நின்றுவிடும், கடலில் 35,000 பக்கம் இருக்கும். ஒரு டம்ளர் கடல் தண்ணீருக்கு ஒன்பது டம்ளர் ஆர்ஓ தண்ணீர் ஊற்றிப் பத்தால் பெருக்கலாமே என்று தோன்றும், ஆனால் நீர்க்கும்போது அயனிகள் (உப்பு கரைந்து பிரியும் மின்னூட்டமுள்ள துகள்கள்) ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பது குறைந்து சுதந்திரமாக ஓடும், அதனால் 25 டிகிரியில் சென்டிமீட்டருக்கு 53 மில்லிசீமென்ஸ் (மின்கடத்துத்திறனின் அலகு) காட்டும் கடல் தண்ணீரைப் பத்து மடங்கு நீர்த்தால் 5.3 வராது, 6-ஐத் தாண்டிவிடும். அப்புறம் வெப்பநிலை வேறு: ஒரு டிகிரி ஏறினால் ஏறக்குறைய 2 சதவீதம் கூடும்.

சரி, அப்படியென்றால் கடலில் மட்டும் இந்த அளவை எப்படி நம்புகிறார்கள்? கடல் தண்ணீரை எங்கே மொண்டாலும் உப்புகளின் விகிதம் கிட்டத்தட்ட ஒன்றுதான். சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் கடலாய்வுக் கப்பல் உலகைச் சுற்றிக் கொண்டுவந்த தண்ணீரில் 77 மாதிரிகளைச் சோதித்து வேதியியலாளர் டிட்மார் 1884-இல் இதை உறுதிசெய்தார். எடையில் குளோரைடு 55 சதவீதம், சோடியம் 30-க்குச் சற்று மேல், சல்பேட் 8-க்குக் கொஞ்சம் குறைவு, மக்னீசியம் 4-க்கும் கீழே, கால்சியமும் பொட்டாசியமும் தலா ஒன்று சொச்சம். நவம்பர், டிசம்பரில் நம் கடற்கரையில் மழையும், கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து இழுத்து வரும் கங்கை, கோதாவரி தண்ணீரும் சேர்ந்து உப்பு நன்றாக இறங்கும். மொத்தம்தான் இறங்குகிறது, ஆற்று நீரில் உப்பு அவ்வளவு சொற்பம் என்பதால் விகிதம் பெரிதாக அசைவதில்லை. அதனால்தான் கடலியலாளர்களின் 1978 அளவுகோலில் உப்புத்தன்மைக்கு அலகே கிடையாது: 15 டிகிரியில், ஒரு கிலோவுக்கு 32.4356 கிராம் பொட்டாசியம் குளோரைடு உள்ள கரைசல் அளவுக்குக் கடத்தினால் அது 35, அவ்வளவுதான்.

இதிலும் ஓட்டை உண்டு. வட பசிபிக் ஆழத்தில் கரைந்த சிலிக்கா அதிகம், அதில் பெரும்பகுதிக்கு மின்னூட்டம் இல்லாததால் எடையில் ஏறும், மீட்டரில் ஏறாது. 2010-இல் வந்த புதிய முறை இதற்கும் திருத்தம் போடுகிறது. நம் பாட்டில் தண்ணீருக்கு அந்த நுணுக்கமெல்லாம் வேண்டாம்.

ஆனால் போர்வெல் தண்ணீருக்கு இந்தக் கணக்கை அப்படியே போடாதீர்கள், அங்கே உப்புகளின் விகிதம் கிணற்றுக்குக் கிணறு மாறும். திருவான்மியூரில் எங்கள் அபார்ட்மென்ட்டில், மீட்டரில் எண் ஏறினாலே "கடல் உள்ளே வந்துடுச்சு சார்" என்று பீதி கிளம்பும். பைகார்பனேட் அயனி குளோரைடை விடக் குறைவாகத்தான் கடத்தும், ஆகவே ஒரே எண்ணைக் காட்டும் இரண்டு கிணறுகளில் உள்ளே இருப்பது வேறு வேறாக இருக்கலாம். லேபில் கொடுக்கும்போது குளோரைடும் பைகார்பனேட்டும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள், குளோரைடு ஒரேயடியாக மிஞ்சி நின்றால் அப்போது கடலைச் சந்தேகப்படலாம்.