எஸ்என்ஐ எலியில் காபாபென்டின் பலிக்கவில்லை: மருந்துக்கு முன் குத்தும் இடத்தைப் பாருங்கள்

எஸ்என்ஐ (கால் நரம்புகளில் ஒன்றை விட்டு மற்றவற்றை வெட்டி, எலியில் நரம்புவலி உண்டாக்கும் சோதனை முறை) அறுவை முடிந்து 7 நாளாகியும் வலி வரம்பு, அதாவது எலி காலை இழுக்கவைக்கும் குறைந்த அழுத்தம், 10 கிராமுக்குக் கீழே இறங்கவில்லை, நரம்புவலி மருந்தான காபாபென்டினும் பலிக்கவில்லை என்கிறீர்கள். பாதத்தின் நடுவில் குத்துவதாக எழுதியிருக்கிறீர்களே, கோளாறு பெரும்பாலும் அங்கேதான். எஸ்என்ஐயில் டிபியல், காமன் பெரோனியல் என்ற இரண்டு கால் நரம்புகளையும் கட்டி வெட்டிவிடுகிறோம். மிஞ்சுவது சூரல் நரம்பு மட்டும். நடுப்பாதம் டிபியலின் பரப்பு, அது மரத்துத்தான் இருக்கும். சூரலின் பரப்பான சுண்டுவிரல் பக்க வெளி ஓரத்தில் வான் ஃப்ரே இழையை (குறிப்பிட்ட அழுத்தத்தில் வளையும் நைலான் இழை) வையுங்கள்.

சுண்டெலி அல்ல, பெரிய எலி என்பதால் 2 கிராம் இழையில் தொடங்கலாம். எலி காலை இழுத்தால் அடுத்து ஒரு படி மெல்லிய இழை, இழுக்காவிட்டால் ஒரு படி தடித்த இழை. இழை லேசாக வளைந்ததும் 6-8 நொடி பிடியுங்கள். நடப்பதற்காகத் தூக்கிய கால் கணக்கில் வராது. நைலான் இழை ஈரக்காற்றில் தளரும். அவ்வப்போது தராசில் அழுத்திச் சரிபாருங்கள்.

ஓரமும் மரத்திருந்தால் அறுவையின்போது சூரல் இழுபட்டிருக்கலாம்.

காபாபென்டின் ஒட்டுவது நரம்பணுவுக்குள் கால்சியத்தை விடும் வாயிலின் ஆல்ஃபா2டெல்டா என்ற துணையலகில் (வாயிலின் ஒரு பகுதியான புரதம்). நரம்பு அடிபட்டபின் முதுகுவேர் முடிச்சில் (தண்டுவடத்தை ஒட்டிய உணர்வு நரம்பணுத் திரள்) அந்தத் துணையலகு பெருகுகிறது. வரம்பே இறங்காத எலியில் மருந்து உயர்த்திக் காட்ட எதுவுமில்லை. கிலோவுக்கு 100 மி.கி. வயிற்றறைக்குள் செலுத்தி, 1 மணி நேரம் கழித்துச் சோதியுங்கள். அந்த அளவில் எலி தூங்கி வழியலாம், அதுவும் வலி குறைந்ததுபோலவே தெரியும். ரோட்டாராடில் (எலி விழாமல் நடக்கிறதா என்று பார்க்கும் சுழலும் தண்டு) ஏற்றிப் பார்க்காமல் முடிவு எழுதாதீர்கள்.