சொத்தவிளையா, வட்டக்கோட்டையா?

வணக்கம். மே மாதம் சிறு பிள்ளைகளுடனும் வயதான தாயாருடனும் கன்னியாகுமரிக்கு வருவதாகவும், அலை குறைந்த, கூட்டமில்லாத கடற்கரை வேண்டுமென்றும் கேட்டிருந்தீர்கள். பலரும் சொல்லும் சொத்தவிளை நீண்ட, அழகிய மணற்பரப்புதான். ஆயினும் அது திறந்த கடலைப் பார்த்திருப்பதால், காற்றே இல்லாத நாளிலும், எங்கோ தொலைவில் வீசிய புயலால் எழும் ‘கள்ளக்கடல்’ என்னும் பேரலை அங்கே திடீரெனக் கரையேறக்கூடும். 2024 மே மாதம் இதே மாவட்டத்தின் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் உயிரிழந்தது அத்தகைய நாளொன்றில்தான். ஆகவே, நகரிலிருந்து வடகிழக்கே சுமார் 6 கிலோமீட்டரில் உள்ள வட்டக்கோட்டையையே நான் பரிந்துரைப்பேன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் காலத்தில் அவருடைய தளபதி டி லனாய் வலுப்படுத்திய அக்கோட்டையின் மதில்மேல் தாயார் காற்று வாங்கலாம். கோட்டையை ஒட்டிய மணலில் பிள்ளைகள் விளையாடலாம். எனினும், அங்கும் கணுக்கால் ஆழத்துக்கு மேல் அவர்களை இறக்காதீர்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை வெளியாகியிருந்தால் கோட்டையோடு நின்றுகொள்ளுங்கள்.