காய்ச்சலோடு வகுப்புக்கு வரும் மாணவர்: செயலி செய்ய விரும்பும் மகனின் தாய்க்கு ஒரு பதில்

மதிப்பிற்குரிய அம்மா,

தங்கச்சிமடத்திலிருந்து தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகன், மாணவர் வருகைப்பதிவுக்கும் வளாக நலப் பாதுகாப்புக்கும் ஒரு கைப்பேசிச் செயலி செய்வதாகச் சொல்லி இரவெல்லாம் விழித்திருப்பதையும், மதிய வகுப்புகளுக்குக்கூடச் சில நாள் போகாததையும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் பயிற்சி நிறுவனம் ஒன்றுக்குப் பணம் கட்டச் சொல்வதையும் எழுதியிருந்தீர்கள். பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்: கட்ட வேண்டாம். என்பிடிஇஎல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய் தேர்வுக் கட்டணம். செயலி எழுதப் பயன்படும் ஃபிளட்டர், கோட்லின் இரண்டுக்கும் முறையான வழிகாட்டிகள் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன.

செயலியைத் தடுக்கவும் வேண்டாம். ஆனால் தங்கள் மகன், தம்பி என்னிடம் கொடுத்த செயலிக் குறிப்பேட்டைப் படித்தபோது ஒன்று உறுத்தியது. வருகைப்பதிவை ஒரு பக்கத்திலும் உடல்நலத்தை அடுத்த பக்கத்திலும், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரு வசதிகளாக அவர் எழுதி வைத்திருக்கிறார். உண்மையில் இவை ஒன்றையொன்று எதிர்த்து இழுப்பவை. அண்ணா பல்கலைக்கழக விதிப்படி பருவத் தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். 65 வரை குறைந்தால் மருத்துவச் சான்றிதழ் காட்டி விலக்குப் பெறலாம். அதற்கும் கீழே போனால் அந்தப் பருவத்தையே மீண்டும் படிக்க வேண்டியிருக்கும். ஆகவே 76 விழுக்காட்டில் தொங்கிக்கொண்டிருக்கும் மாணவர் காய்ச்சலோடும் வருவார். மெட்ராஸ் ஐ வந்தவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். அந்த வாரத்திலேயே பாதி வகுப்புக்குக் கண் சிவந்துவிடும். வருகையை இன்னும் கறாராகப் பிடிக்கும் செயலி, நோயாளியை இன்னும் கறாராக வகுப்புக்கு இழுத்து வரும். இந்த முடிச்சைத்தான் தம்பி அவிழ்க்க வேண்டும்.

அதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. வீட்டிலிருந்தோ விடுதியிலிருந்தோ வகுப்புக்கு முன்பே ஒரே தொடுதலில் "உடல்நலமில்லை" என்று தெரிவிக்கவும், சான்றிதழைச் சில நாள் கழித்து ஏற்றவும், "இந்த விடுப்பு எடுத்தால் 74 விழுக்காடு ஆகும், சான்றிதழ் இருந்தால் விலக்கு கேட்க இடமுண்டு" என்று மாணவருக்கே கணக்குக் காட்டவும் வழி செய்தால் போதும். காரணத்தை எழுதியே ஆக வேண்டும் என்று மாணவியரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஒரே விடுதியில் இரண்டு நாளில் ஐந்தாறு பேர் இப்படித் தெரிவித்தால், பெயர்களை வெளியிடாமல் எண்ணிக்கையை மட்டும் காப்பாளருக்குச் சொல்லலாம். இவற்றைத் தீர்மானிக்க வகுப்பு ஆலோசகர், விடுதிக் காப்பாளர், முதலுதவி அறைச் செவிலியர் ஆகியோரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். குறிப்பேட்டில் அப்படிப் பேசியதற்கான அடையாளமே இல்லை.

மாறாக, ப்ராக்ஸியை, அதாவது வராத மாணவருக்கு இன்னொருவர் வருகை போடுவதைத் தடுப்பதற்கே அவர் பல வாரங்களைச் செலவழித்திருக்கிறார். க்யூஆர் குறியீட்டைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் நண்பனுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது உண்மைதான்; சில விநாடிக்கொருமுறை மாறும் குறியீடு அதைப் பெருமளவு கட்டுப்படுத்தும். ஜிபிஎஸ் கட்டடத்துக்குள் துல்லியமாக இருக்காது, பொய் இருப்பிடம் காட்டும் செயலிகளும் உண்டு. முகம் அறியும் வசதி சேர்க்கப் போவதாக எழுதியிருக்கிறார். அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உடன் படிப்பவர்களின் முகங்களையும் நோய் விவரங்களையும் ஒரு மாணவர் தம் கணக்கில் சேர்த்து வைத்திருப்பது வம்பை விலைக்கு வாங்குவது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. முதலாமாண்டு மாணவர் பலருக்கு 17 வயதுதான். கொரோனா தொற்றைக் கண்காணிக்க 2020 ஏப்ரலில் மத்திய அரசு கொண்டுவந்த ஆரோக்ய சேது செயலி மீது தனியுரிமைக் கேள்விகள் எழுந்ததையும், மே மாத இறுதியில் அதன் ஆண்ட்ராய்டு மூல நிரல் வெளியிடப்பட்டதையும் அவர் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

நம் கடற்கரைக்கென்று சில தேவைகள் உண்டு. பாம்பன் பாலத்தில் காற்று வலுத்தால் ரயில் நிற்கும். தீவிலிருந்து வரும் மாணவர் தம் தவறில்லாமல் தாமதமாவார். அதற்குத் தனி வகை வேண்டும். இணையம் அறுந்தாலும் பதிவு கைப்பேசியிலேயே தங்கி, பின்னர் சென்று சேர வேண்டும். அவசரப் பொத்தான் இணையத்தை நம்பாமல் நேரடியாக 108ஐ அழைக்க வேண்டும். மனநல உதவிக்கு 14416 எண்ணும் பக்கத்திலேயே இருக்கட்டும். கடலுக்குப் போன தந்தையின் எண்ணுக்குச் செய்தி அனுப்பிப் பயனில்லை, தாயின் எண்ணே பொருத்தம். அதிலும் "உங்கள் மகன் வந்து சேரவில்லை" என்ற ஒற்றை வரியைப் படித்தால் இந்தக் கரையில் எந்தத் தாயின் நெஞ்சும் பதறிவிடும். "முதல் இரண்டு வகுப்புகளில் வருகை பதிவாகவில்லை, விவரத்துக்கு ஆலோசகரை அழைக்கவும்" என்று நிதானமான தமிழில் இருக்க வேண்டும்.

இதனால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். செயலி செய்தேன் என்று சொல்வதனால் மட்டும் கிடைக்காது. வருகைப்பதிவுச் செயலியை நேர்காணல் செய்பவர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள். ஒரு வகுப்பில் ஒரு மாதம் ஓடவிட்டு, எங்கே தவறியது, எதை மாற்றினேன், முகம் அறியும் வசதியை ஏன் விட்டேன் என்று விளக்கும் மாணவருக்குச் செயலி உருவாக்கம், மென்பொருள் சோதனை, இடைமுக வடிவமைப்பு ஆகிய துறைகளில் சொல்வதற்குச் சரக்கு இருக்கும். கூகுள் பிளேயில் புதிய தனிநபர் கணக்குக்கு ஒருமுறைக் கட்டணம் 25 டாலர். 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்த பிறகே பொதுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். அந்தச் செலவை இப்போதே செய்யத் தேவையில்லை.

தாங்கள் விரும்பும் டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வுகளுக்கும் இது பகையன்று. ஆனால் பட்டம் தேவைப்படும் பணிகளுக்கு அரியர் இல்லாமல் படிப்பை முடித்தாக வேண்டும். எனவே இந்தப் பருவம் முடியும்வரை செயலிக்கு வார இறுதி இரண்டு நாள் மட்டும் என்று பேசி முடிவு செய்யுங்கள். அவருடைய சொந்த வருகை இப்போது எத்தனை விழுக்காடு என்பதையும் இன்றே கேளுங்கள். அந்த எண்ணையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு, செவிலியரிடம் பேசிவிட்டு, அடுத்த சனிக்கிழமை தம்பியை என்னைப் பார்க்க வரச் சொல்லுங்கள்.